வாயைத் திறக்கலாம், பேசக் கூடாது

எனக்கு பர்கர் சாப்பிடத் தெரியாது. இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இருந்த வெட்கமெல்லாம் நியூயார்க்கிலேயே செலவாகிவிட்டது.

தெரியாது என்றால் சுத்தமாகத் தெரியாது. மேல் பன்னைக் கடித்தால் கறி பின்பக்கமாக வெளிநடப்பு செய்கிறது. அதைப் பிடித்தால் தக்காளி மடியில் இறங்குகிறது. பிசைந்து சாப்பிட்டே வளர்ந்தவனுக்குப் பிசையாமல் சாப்பிடும் எதுவும் பரீட்சைதான். முதல் கடையில் தட்டில் சிதறியதையெல்லாம் விரலால் வழித்து வாயில் போட்டபோது, எதிரே உட்கார்ந்திருந்த என் மகள் மெனு கார்டைப் படிக்க ஆரம்பித்தாள். நாங்கள் ஆர்டர் கொடுத்து, சாப்பிட்டு, பில்லும் கட்டியாகிவிட்டிருந்தது.

மகளுக்கு 15 வயது. இந்த வயதுப் பிள்ளைகள் அப்பாவோடு வெளியே வர உலகத்தில் மிகச் சில காரணங்களே உண்டு. கோயில் அதில் இல்லை. மியூசியம் இல்லை. பர்கர் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இந்த வயதில் ஒன்று இருந்தால் பட்டியலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஐட்டம் ஷவர்மாவாகவோ மோமோவாகவோ இருக்கலாம். கோயில் நிச்சயம் இருக்காது.

லீவுக்கு நியூஜெர்சி எடிசனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். "நியூயார்க்ல என்னம்மா பார்க்கணும்?" என்று கேட்டேன். சுதந்திர தேவி சிலை என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போனை நீட்டினாள். மேப் முழுக்கக் குட்டிக் குட்டிப் புள்ளிகள். அத்தனையும் பர்கர் கடை. "சிலையை ஃபெரியில போறப்போ தூரத்துல இருந்து பார்த்துக்கலாம்பா. ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெரி ஃப்ரீ." சுதந்திரம் இலவசம், பர்கருக்குத்தான் காசு.

அவளைக் குறை சொல்ல முடியாது. விதை போட்டவன் நான். 1996-இல் மெக்டொனால்ட்ஸ் டெல்லியில் கால் வைத்தபோது மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாத மெனுவோடு வந்தது. பிறகு உருளைக்கிழங்கு டிக்கியைப் பன்னுக்குள் வைத்து ஆளையே கவிழ்த்தார்கள். இவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது அழுகையை நிறுத்த அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். அழுகை அன்றைக்கே நின்றுவிட்டது. பில்தான் இன்னும் நிற்கவில்லை.

நியூயார்க்கில் உருளைக்கிழங்கு கதை நடக்காது. அங்கே பர்கர் என்றால் மாட்டிறைச்சிதான். எங்கள் வீட்டில் ஆடு, கோழி, மீன் வரைக்கும் அனுமதி உண்டு. மாடு விஷயத்தில் என் அம்மாவின் ஆட்சி கண்டிப்பானது. 'நாம் சிக்கன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்' என்ற திட்டத்தோடுதான் கிளம்பினேன். மகள் பார்த்த ஒரே பார்வையில் திட்டம் வாபஸ் ஆனது. அன்று ராத்திரி அம்மா வீடியோ காலில், "என்னடா சாப்பிட்டே?" என்றார். "பன்னும்மா" என்றேன். பொய் இல்லை. அம்மா இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எடிசனிலிருந்து நியூயார்க்கின் பென் ஸ்டேஷனுக்குப் போகும் ரயிலில் மகள் விதிமுறைகளை அறிவித்தாள். "கவுன்ட்டர்ல நான்தான் பேசுவேன். நீ கார்டை மட்டும் தட்டு. சர்வர்கிட்ட 'வேர் ஆர் யூ ஃப்ரம்' கேக்கக் கூடாது. கேட்டுட்டு 'வி ஆர் ஃப்ரம் சென்னை'ன்னு சொல்லவே கூடாது." அப்போ நான் வாயையே திறக்கக் கூடாதா என்றேன். "திறக்கலாம்பா. சாப்பிட."

முதலில் மேடிசன் ஸ்கொயர் பார்க். ஃப்ளாட்அயர்ன் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் அந்தப் பூங்காவில் டேனி மேயர் என்ற ஓட்டல்காரர் 2001-இல் ஒரு ஹாட் டாக் தள்ளுவண்டி போட்டார். பூங்காவில் நடந்த ஒரு கலைக் கண்காட்சிக்குத் துணையாக வந்த வண்டி அது. கூட்டம் கட்டுக்கடங்காமல் போக, 2004-இல் அதுவே நிரந்தரக் கடையானது. அதுதான் ஷேக் ஷாக். வரிசை எவ்வளவு நீளம் என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு கேமராவைக்கூட ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். வரிசையைப் பார்த்துவிட்டுக் கிளம்பாமல் இருப்பார்கள் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ. ஜனங்கள் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்தார்கள்.

வரிசையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த ரேஷன் கார்டுதாரர் விழித்துக்கொண்டார். முன்னால் போய், "ஜஸ்ட் ஒன் டவுட்" என்று ஆரம்பித்து, டவுட் தீர்ந்த பிறகும் அங்கேயே நிற்கும் நம் ஊர் வித்தை உங்களுக்கும் தெரிந்திருக்கும். குழந்தை வண்டியோடு நின்ற ஒரு பெண்மணி மிக இனிமையாகச் சிரித்து, வரிசையின் வால் எந்தப் பக்கம் என்று கை காட்டினார். வாலில் என் மகள் நின்றிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றதும், யாரோ அந்நியர் வந்ததாக இரண்டடி தள்ளிக்கொண்டாள்.

ஆர்டர் கொடுத்ததும் கையில் ஒரு கருவியைத் தந்தார்கள். பர்கர் தயாரானால் அது அதிருமாம். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதாவது மகள் சொன்னபோது நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாக்கெட்டில் ஏதோ துடித்தது. எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ" என்றேன். ரெண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாகவும் சொன்னேன்.

அடுத்து ஒரு ஹோட்டல். 56-ஆவது தெருவில், பளிங்கும் உயரமான கூரையுமாக இருக்கும் ஹோட்டலின் லாபியில், திரைக்குப் பின்னால் ஒரு சின்ன பர்கர் கடை. பெயரே பர்கர் ஜாயின்ட். 2002-இலிருந்து இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. பர்கர் வடிவத்தில் ஒரு நியான் விளக்கு மட்டும். உள்ளே அட்டையில் கையால் எழுதிய மெனு, கிறுக்கல் நிறைந்த சுவர். மிடில் கிளாஸ்காரனுக்குப் பெரிய ஹோட்டல் லாபியில் நடக்க ஒரே வழிதான் தெரியும்: ரூம் எடுத்திருப்பதாகப் பாவித்துக்கொள்வது. அந்த மிதப்பில் விறுவிறுவென்று போய்த் திரையை விலக்கினேன். வேறு திரை. பின்னால் ஒரு ஜன்னலும், ஜன்னலுக்குப் பின்னால் மறுபடியும் தெருவும் இருந்தன.

நான் திரும்பிப் பார்த்தபோது மகள் சரியான திரைக்குள் போய் மறைந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்த ஹோட்டல் ஊழியரிடம், "நைஸ் வியூ" என்று சொல்லிவைத்தேன்.

அங்கே கடைகளின் ஜன்னலில் பெரிதாக 'ஏ' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நம் ஊர் சினிமா பழக்கத்தில் ஒரு வாசலில் மகளை லேசாகப் பின்னால் இழுத்தேன். அது சுத்தத்துக்காக நகராட்சியின் சுகாதாரத் துறை தரும் கிரேடு. 2010-இலிருந்து ஏ, பி, சி என்று கொடுக்கிறார்களாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'பி' ஒட்டியிருந்த ஒரு கடையைப் பார்த்து, "ஃபர்ஸ்ட் கிளாஸ் மிஸ் ஆயிடுச்சு போல" என்று இரக்கப்பட்டேன். "அப்பா, உன் காலேஜ் மார்க் ஷீட்டை நான் பார்த்திருக்கேன்" என்றாள்.

மூன்றாவது அவென்யூவில், 74-ஆவது தெரு முனையில் ஜே.ஜி. மெலன். 1972-இலிருந்து இருக்கும் பழைய கடை. சுவரெல்லாம் தர்பூசணிப் படம். உருளைக்கிழங்கை வட்ட வட்டமாக வறுத்துத் தருகிறார்கள். உட்கார்ந்ததும் சர்வர் வந்து கறி எப்படி வேக வேண்டும் என்று கேட்டார். மகள், "மீடியம் ரேர்" என்றாள். என்னைப் பார்த்தார். விதிமுறைப்படி நான் பேசக் கூடாது. ஆனால் கேள்வி எனக்கு. "வெல்" என்றேன். யோசிப்பதற்காகச் சொன்ன 'வெல்' அது. அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் பர்கரைக் கடித்தபோது உள்ளே சிவப்பாக இருந்தது. எனக்குள் தகப்பன் பொங்கினான். முழுக் கறித்துண்டு என்றால் கிருமி வெளிப்பக்கம்தான் இருக்கும், சூட்டில் செத்துவிடும். அரைத்த கறியில் வெளிப்பக்கமே உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் அமெரிக்க விவசாயத் துறையே 71 டிகிரி செல்சியஸ் வரை வேகட்டும் என்கிறது என்று பிரசங்கம் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, ஒரு வாய் கடித்துப் பார்க்கச் சொல்லி நீட்டினாள். பார்த்தேன். பாதுகாப்பு மொத்தமும் என் தட்டில் இருந்தது. ருசி அவள் தட்டில்.

இன்னொரு கடையில் சீஸ் விஷயத்தில் மூக்கை நுழைத்தேன். அமெரிக்கன் சீஸ் என்ற மஞ்சள் துண்டு வேண்டாம், ஒரிஜினல் சீஸ் போடுங்கள் என்று கேட்டேன். கேட்டதோடு நிற்காமல், நாங்கள் ஊரில் அதைப் பிளாஸ்டிக் என்போம் என்றும் சொன்னேன். பிறகு மகள்தான் கிளாஸ் எடுத்தாள். சாதாரண சீஸ் சூட்டில் எண்ணெய் தனி, திப்பி தனியாகப் பிரியும். இதில் சோடியம் சிட்ரேட் மாதிரி உப்பு சேர்த்திருப்பதால் பிரியாமல் வழவழவென்று உருகும். ஜேம்ஸ் கிராஃப்ட் என்பவர் 1916-லேயே பதப்படுத்திய சீஸுக்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டார். கெமிஸ்ட்ரியில் இவள் வாங்கிய மார்க் எனக்குத் தெரியும். இந்த சிட்ரேட் அன்றைக்கு எங்கே போயிருந்தது?

பணத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வாக்குமூலம் முழுமையாகாது. அங்கே இருந்தவரை எனக்கு 85-ஆல் பெருக்கும் வியாதி. மெனுவில் எண்ணைப் பார்த்ததும் மூளை தானாக ரூபாய்க்கு மாற்றும். மாற்றி முடித்து மூச்சு வாங்கும்போது, அது கடைசி விலை இல்லை என்று தெரியும், மேலே 8.875 சதவீதம் விற்பனை வரி. இந்த 8.875-ஐ மனக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கல்லாவில் இருப்பவர் ஸ்க்ரீனை நம் பக்கம் திருப்புவார். டிப்ஸ் 18, 20, 22. பின்னால் வரிசை. பதற்றத்தில் என் விரல் எப்போதும் 22-இல்தான் விழுந்தது. "ஜெனரஸ்" என்று ஒரு கல்லாக்காரர் பாராட்டினார். வாழ்க்கையில் அந்த வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்ன ஒரே மனிதர்.

புரூக்ளினில் பீட்டர் லூகர் என்று 1887-இல் தொடங்கிய ஸ்டேக் ஹவுஸ். அங்கே பர்கர் மதியத்தில் மட்டும்தான், அதுவும் 3:45 மணி வரைக்கும்தான். மகள் இதைப் பலமுறை சொன்னாள். நான்தான், "வில்லியம்ஸ்பர்க் பாலத்துல காத்தாட நடந்து போவோம், பாலம் இறங்கினா கடை" என்றேன். மேப் காட்டிய நேரம் சரியாகத்தான் இருந்திருக்கும். அது என் முழங்காலைக் கேட்டுச் சொன்ன நேரம் இல்லை. நடுவில் நின்று போட்டோவும் எடுத்தேன். கடை வாசலுக்குப் போனபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. ஸ்டேக் இருந்தது. விலையை 85-ஆல் பெருக்கினேன். அந்த போட்டோக்கள் நன்றாக வந்திருக்கின்றன.

ஒயிட் காஸிலில் என் வரலாற்று அறிவைக் காட்டலாம் என்று நம்பிப் போனேன். 1921-இல் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் தொடங்கிய கடை. அதற்குப் பதினைந்து வருஷம் முன்னால் அப்டன் சின்க்ளேர் 'தி ஜங்கிள்' நாவலில் இறைச்சித் தொழிற்சாலைகளின் லட்சணத்தை எழுதிவிட, அரைத்த கறி என்றாலே ஜனங்கள் முகம் சுளித்த காலம். அதனால்தான் கடைக்கு வெள்ளை நிறம், பெயரிலும் வெள்ளை. பர்கர் 5 சென்ட். இதையெல்லாம் கம்பீரமாகச் சொல்லிக்கொண்டே பன்னைத் திறந்தவன் கறியில் ஐந்து ஓட்டைகளைப் பார்த்தேன். "பார், ஓட்டை போட்டு மிச்சம் பிடிக்கிறாங்க!" என்றேன். வெங்காயத்தின் மேல் அடுக்கி ஆவியில் வேக வைக்கிறார்கள், ஓட்டை வழியே ஆவி ஏறுவதால் திருப்பிப் போடவே வேண்டியதில்லை என்று மகள் போனில் காட்டினாள். மிச்சம் பிடிப்பது நேரத்தை. என் கம்பீரம் அதே ஓட்டை வழியாக வெளியேறியது.

கிழக்கு வில்லேஜில் சுப்பீரியாரிட்டி பர்கர் என்று ஒரு சைவக் கடை. புரூக்ஸ் ஹெட்லி என்பவர் 2015-இல் தொடங்கியது. பங்க் இசைக்குழுவில் டிரம்ஸ் அடித்தவர். பெரிய ரெஸ்டாரென்டில் இனிப்புப் பண்டம் செய்து, 2013-இல் நாட்டின் சிறந்த பேஸ்ட்ரி செஃப் என்று ஜேம்ஸ் பியர்ட் விருதும் வாங்கியவர். கொண்டைக்கடலையும் கீன்வாவும் போட்ட பர்கருக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். எனக்கோ வேறு சந்தோஷம். அம்மாவிடம் மறைக்காமல் காட்டக்கூடிய பர்கர் கிடைத்துவிட்டது! ஊரில் என்ன மணி என்றுகூடப் பார்க்காமல் வீடியோ கால் போட்டேன். பாதித் தூக்கத்தில் பன்னை உற்றுப் பார்த்த அம்மா, "சுண்டலைத் திங்கவாடா அவ்ளோ தூரம் போன?" என்று கட் செய்தார்.

ஒரே ஒரு கடையில் எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. சோஹோவில் ஹாம்பர்கர் அமெரிக்கா. பர்கர் வரலாற்றையே தொழிலாகக் கொண்ட ஜார்ஜ் மோட்ஸ் 2023-இல் திறந்தது. ஓக்லஹோமாவின் எல் ரீனோ ஊரில், 1920-களின் கஷ்ட காலத்தில், கறி விலை கட்டுப்படியாகாமல் மெல்லிய வெங்காயச் சீவலைக் கறியோடு சேர்த்துக் கல்லில் அழுத்திச் சுட்டிருக்கிறார்கள். அதையே இங்கேயும் செய்கிறார்கள். கறி உருண்டையைச் சூடான கல்லில் வைத்து ஓங்கி அழுத்த, ஓரம் முறுகி, வெங்காயம் கருகிய வாசனை வந்தது. எனக்குச் சட்டென்று புரிந்தது. "இது நம்ம வெங்காய ஊத்தப்பத்தோட ஓரம்தான்!" என்றேன். மகள் யோசித்துவிட்டு, "கரெக்ட்தான்பா. ரெண்டுமே சூட்டுல சிவந்து முறுகுற மயார் ரியாக்‌ஷன். 1912-ல கண்டுபிடிச்சது" என்றாள். 'கரெக்ட்தான்பா' என்ற சொல்லை அவள் வாயால் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் போதையில் விதிமுறைகள் மறந்துபோயின. கல்லுக்குப் பக்கத்தில் நின்ற இளைஞரைக் கூப்பிட்டு, கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பது எப்படி, பாதி வெங்காயத்தைக் கரண்டியில் குத்திக் கல்லில் எண்ணெய் தேய்ப்பது எப்படி என்று விளக்கினேன். சைகையோடு. அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டு, "கூல்" என்றார். "வி ஆர் ஃப்ரம் சென்னை" என்று நான் சொல்லி முடித்தபோது பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது.

இன்னொரு சாயங்காலம், ஜன்னல் அகலமே இருந்த ஒரு கடை. பெயர் வேண்டாம். ரெஸ்ட்ரூம் இல்லாத அளவுக்குச் சின்னது. சர்க்கரை எட்டிப் பார்க்கும் வயதில் ரெஸ்ட்ரூம் ஒரு சுற்றுலாத் தலம் என்பது சக வயதுக்காரர்களுக்குப் புரியும். பர்கரை மகளிடம் கொடுத்துவிட்டுத் தேடப் போனேன். ஒரு காபிக் கடையில் கதவுக்கு நம்பர் பூட்டு. நம்பர் வேண்டுமென்றால் காபி வாங்க வேண்டும். காபி குடித்தால் மறுபடியும் நம்பர் வேண்டும். இந்தச் சுழலிலிருந்து மீண்டு திரும்பி வந்தபோது, அவள் தன் பர்கரையும் என்னுடையதையும் முடித்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். "செமப்பா" என்றாள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன், போட்டோ மாற்றிக்கொள்ள அவள் போனை வாங்கினேன். அதில் ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. போன கடைகளுக்கெல்லாம் மார்க். பன், கறி, சீஸ், சாஸ் என்று கட்டம் கட்டி, கடைசியில் ஒரு கட்டத்துக்கு மேலே 'அப்பா'. எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. எந்தக் கடை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று கவனித்து வைத்திருக்கிறாளே!

"அதில்லப்பா" என்றாள். "எந்தக் கடையில நீ எவ்ளோ கம்மியா மானத்தை வாங்கினன்னு. டோட்டல்ல அதையும் சேர்த்துத்தான் ரேங்க்."

அந்தக் கணக்கில் நியூயார்க்கின் தலைசிறந்த பர்கர், ரெஸ்ட்ரூம் இல்லாத கடையுடையது. 'அப்பா' கட்டத்தில் பத்துக்குப் பத்து. ஹாம்பர்கர் அமெரிக்காவில் கறிக்குப் பத்து, எனக்கு இரண்டு.

இரண்டு என்பது அநியாயம், ஊத்தப்ப விளக்கத்துக்கு மட்டுமே நாலு தரலாம் என்று வாதாடினேன். மறுகூட்டல் வேண்டுமென்றால் ஃபீஸ் கட்டி விண்ணப்பிக்கச் சொன்னாள். ஃபீஸ் ஒரு டபுள் பேட்டி, ஃப்ரைஸோடு. சென்னை வந்ததும் கட்டிவிட்டேன். ரிசல்ட்டும் வந்தாயிற்று. இரண்டு, இரண்டே கால் ஆகியிருக்கிறது.